ஹட்டனில் இரண்டு நாள் கூர்ப்புக் கருத்தரங்கு: முதல் நாளுக்கு முழு மதிப்பு, மறுநாளுக்குப் பாதி

உயர்தர உயிரியல் மாணவர்களுக்காக ஹட்டன் நகரிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையம் தமிழ்மொழி மூலம் நடத்திய இரு நாள் கருத்தரங்குக்கு, கடந்த விடுமுறையில் என் அக்காவின் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். எடுத்துக்கொண்ட அலகு விகாரமும் (பரம்பரைச் செய்தியில் நேரும் மாற்றம்) கூர்ப்பும் (பரிணாமம்). தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால், பின் வாங்கில் அமர்ந்து கேட்க எனக்கும் இடம் தந்தார்கள். கட்டணம் அச்சிட்ட குறிப்புகளுடன் 2,500 ரூபா. கொழுந்துச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று. ஆகையால் கிடைத்ததையும் கிடைக்காததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை அமர்வைப் போன்ற பாடத்தை நான் அண்மையில் கேட்டதில்லை. விரிவுரையாளர் கரும்பலகையில் 'பழம் தரும் மரம்' என்று எழுதினார். டி.என்.ஏ.யில் எழுதப்பட்டு, மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படும் மரபுக் குறிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்த் தொடர் எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து 'ழ' என்ற ஓரெழுத்தை மட்டும் அழித்துவிட்டு, மறுபடியும் மும்மூன்றாகப் பிரித்து வாசிக்கச் சொன்னபோது 'பம்த ரும்ம ரம்' என்று வந்தது, மண்டபம் சிரித்தது. ஓரெழுத்து இழக்கப்பட்டால் அதற்குப் பின்னுள்ள செய்தி முழுவதும் ஏன் குலைகிறது என்பதை அந்தச் சிரிப்போடு பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். எழுத்து இழக்கப்படாமல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 'மலை', 'மழை' என்ற இரண்டு சொற்களே போதுமாயிருந்தன. அங்கிருந்து, செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோயான அரிவாள்செல் சோகைக்குச் சென்றார்: குருதிப் புரதமான ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் வந்து அமர்வதற்கு டி.என்.ஏ.யில் ஒரேயொரு மூலம், அதாவது ஓரெழுத்து, மாறியதே காரணம் என்பதையும், அந்தப் பரம்பரையலகின் (ஜீனின்) ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பதால் மலேரியா நிலவிய நாடுகளில் அது மறையாமல் நிலைத்தது என்பதையும் நிதானமாக விளக்கினார்.

விகாரம் தேவையை அறிந்து தோன்றுவதில்லை என்ற செய்தி மாணவரிடம் எளிதில் பதிவதில்லை. நானும் பல ஆண்டுகளாக அதோடு போராடியிருக்கிறேன். 1952இல் விஞ்ஞானிகளான லெடர்பேர்க் தம்பதியினர் செய்த சோதனையை இவர் ஓர் இறப்பர் முத்திரையை வைத்துக் காட்டினார். பற்றீரியாக் கூட்டங்கள் வளர்ந்த தட்டில் வெல்வெட் துணியை ஒற்றி, அதே அமைப்பில் பல புதிய தட்டுகளில் பதித்தபோது, எதிர்ப்புத்தன்மை கொண்ட கூட்டங்கள் ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்தன. அப்படியானால் அந்த எதிர்ப்புத்தன்மை, கொல்லும் பொருளைச் சந்திப்பதற்கு முன்பே மூலத்தட்டில் இருந்திருக்க வேண்டும். 1988இல் லென்ஸ்கி என்ற விஞ்ஞானி ஆய்வுகூடத்தில் வளர்க்கத் தொடங்கிய எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவின் 12 குடித்தொகைகளில் ஒன்றுமட்டும், 30,000 சந்ததிகளைக் கடந்த பின்னர், அவ்வினத்தால் வழக்கமாக முடியாதபடி, ஒட்சிசன் உள்ள சூழலிலும் சித்திரேற்று என்னும் பொருளை உணவாக்கத் தொடங்கிய கதை அதன்பின் இயல்பாகப் பொருந்தியது.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், கொழுந்து பறிச்சுப் பறிச்சு அம்மாட விரல் காய்ச்சுப் போயிருக்கு. அது பிள்ளைக்கும் வராதா?" என்று கேட்டாள். இரு நாட்களிலும் எழுந்த மிகச் சிறந்த கேள்வி அதுதான். உடற்கலத்தில் நேர்வது பிள்ளையைச் சேராது, புணரிகளை (விந்து, முட்டை) உண்டாக்கும் கலங்களில் நேரும் விகாரமே சேரும் என்று அவர் சொன்ன விடை சரியானது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டார். தாவரங்களில் நிலைமை வேறு: ஒரு மொட்டின் கலங்களில் தோன்றிய விகாரம், அதிலிருந்து வெட்டி நட்ட தண்டின் வழியே தொடரக்கூடும். விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதும், இப்படித் தண்டு வெட்டி நட்டு வளர்த்த வீ.பீ. தேயிலை மலையில் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் நிற்பதும் அந்த மண்டபத்திலிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். கைக்கெட்டிய உதாரணம் நழுவிப்போனது.

இரண்டாம் நாள் சரிவுதான். உயிர்ச்சுவடுகள் (பாறைகளில் எஞ்சிய பழைய உயிர்களின் தடயங்கள்) பற்றிய பகுதி முழுவதும் ஆண்டுகளையும் பெயர்களையும் சொல்லி எழுதவைப்பதிலேயே கழிந்தது. மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்துக்கு (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகளுள் ஒன்று) வந்தபோது மட்டும் பழைய உற்சாகம் திரும்பியது. சிம்பன்சிக்கு 24 சோடி, நமக்கு 23. நமது இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவே, முனையில் மட்டும் இருக்கவேண்டிய, ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் எதிரெதிராக ஒட்டிக் கிடப்பதும், செயலிழந்த இன்னொரு மையப்பாத்தின் (கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தை இழுக்கப் பிடிக்கும் இடத்தின்) எச்சம் அதிலே காணப்படுவதும் இரண்டு நிறமூர்த்தங்கள் இணைந்ததற்கான தடயங்கள். உயிர்ச்சத்து சீ தயாரிக்கும் பரம்பரையலகு மனிதரிலும் குரங்குகளிலும் பழுதடைந்த நிலையில் இன்னும் எஞ்சியிருப்பதையும் அழகாகச் சொன்னார்.

இவ்வளவையும் காட்டிவிட்டு, இறுதியில் "இது கொள்கைதானே, நம்பினாலும் நம்பாவிட்டாலும் பரீட்சைக்கு எழுதிவிடுங்கள்" என்றார். எவர் மனமும் புண்படக்கூடாது என்ற எண்ணம் புரிகிறது. என்றாலும் எனக்கு அது மிகவும் ஏமாற்றமாயிருந்தது. உயிர்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்னும் கலக்கொள்கையைக் கற்பிக்கும்போது எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்வதில்லை. விஞ்ஞானத்தில் கொள்கை என்பது சான்றுகளைக் கோத்து விளக்கும் கட்டமைப்பு, ஊகம் அன்று.

குறிப்புப் புத்தகத்தில் கலாபகோசுக் குருவிகளும் இங்கிலாந்தின் அந்துப்பூச்சியும் உண்டு. நமது மலைகளில் வாழும் ஓர் உயிரும் இல்லை. இலங்கைக்கே உரிய செரற்றோபோரா என்னும் ஓணான் சாதியில் (நெருங்கிய இனங்களின் குழுவில்), மூக்கில் கொம்புள்ள இனம் ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளிலும் வாழ்கிறது. மூக்கில் இலைபோன்ற தட்டையுள்ள இனம் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழ்கிறது. கொபோற்றிஸ் என்ற இன்னொரு ஓணான் சாதியிலும் அதே பங்கீடு. நக்கிள்ஸ் இனம் தனியினமென 2006இல்தான் விவரிக்கப்பட்டது. குளிர்மலைக் காட்டை விட்டு இறங்காத இவ்வுயிர்களுக்கு இடையிலுள்ள மகாவலிப் பள்ளத்தாக்கு கடலைப் போன்றது. பிரிந்த குடித்தொகைகள் வெவ்வேறு விகாரங்களைச் சேர்த்துக்கொண்டு வெவ்வேறு இனங்களாவதற்குக் கலாபகோசு வரை போகவேண்டியதில்லை.

வசதிகளைப் பொறுத்தவரை, தகரக் கூரையில் மழை பெய்தால் பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது. படங்களின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. மதிய இடைவேளை நீண்டதால் தூரத்துத் தோட்டங்களுக்குப் போகும் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வினாப் பயிற்சியின் நடுவிலேயே எழுந்து போனார்கள். முதல் நாளுக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். அப்படியிருந்தும் அடுத்த முறை அக்காவின் இளைய மகளை அனுப்ப எண்ணியிருக்கிறேன். முன் வாங்கில் இடம்பிடிக்கக் காலை ஏழரைக்கே போய்ச் சேரவேண்டும்.