எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்: வாங்கலாம், ‘லேர்னிங்’ இருந்தால்

திருகோணமலையில் என்.சி. வீதியிலோ மத்திய வீதியிலோ கடையேறி யுனிவர்சல் ரிமோட் கேட்டால், பெரும்பாலும் எடுத்துத் தருவது ஒரு கொம்பனி ரீவிக்கு மட்டும் வேலை செய்யும் கொப்பி ரிமோட். ரீவி ஒன்றுதான் என்றால் அதுவே போதும். பற்றரி போட்டதும் வேலை செய்யும். ரீவி, டயலொக் அல்லது பியோ சனல் பெட்டி, சவுண்ட்பார் என்று மூன்று சாமான் உள்ள வீடு என்றால் கதை வேறு. அட்டையில் ‘8 இன் 1’ என்று அச்சடித்திருப்பதில் மயங்க வேண்டாம். பழைய ரிமோட்டைப் பார்த்துப் படிக்கும் ‘லேர்னிங்’ வசதி இருக்கா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சாமானுக்கும் உரிய எண்ணை அடித்துத்தான் அமைக்க வேண்டும்; வெளிநாட்டுச் சந்தைக்கு எழுதிய அந்த எண் பட்டியலில் எங்கட பெட்டி அகப்படாமலே போகலாம்.

காசு கொடுக்க முதல் ஒரு சோதனை. வீட்டு ரிமோட்டுகளை ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசிக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமத்துங்கள். நுனி ஊதாவாக மினுங்கினால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் ரிமோட். லேர்னிங் ரிமோட் அதைப் படிக்கும். ஐபோனின் பின் கமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், செல்ஃபி கமராவால் பாருங்கள். ரீவியில் செருகும் அமேசானின் ஃபயர் ரீவி ஸ்டிக் ஆட்களை ஏமாற்றுவது இங்கேதான்: அதன் ரிமோட்டில் வொலியூம், பவர் பொத்தான்கள் மினுங்கும், அம்புக்குறிகள் மினுங்காது. அவை புளூடூத்தில் போகின்றன. அகச்சிவப்பு ரிமோட் எவ்வளவு விலை என்றாலும் அங்கே எடுபடாது. அதற்குச் செலவில்லாத வழி, எச்டிஎம்ஐயில் செருகிய சாமானை ரீவி ரிமோட்டாலேயே இயக்க விடும் எச்டிஎம்ஐ-சிஈசி வசதியை ரீவி செட்டிங்கில் போட்டுவிடுவது. சாம்சங்கில் அது எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க். பிறகு ரீவியின் அம்புக்குறியே ஸ்டிக்கையும் நகர்த்தும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது வருவதென்றால் ‘வன் ஃபோர் ஆல்’ கொம்பனியின் யுனிவர்சல் ரிமோட் ஒன்று சொல்லிவிடலாம். புத்தகத்தைப் பார்க்காமலே அமைக்கக்கூடியது. மேஜிக் பொத்தான் உள்ள மொடல்களில், சிவப்பு லைட் இரண்டு தரம் மினுங்கும் வரை அதை அமத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சாமானின் 4 இலக்க எண்ணை அடிப்பது. எண் தெரியாவிட்டால் 991 தானாகத் தேடும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கற்பிப்பதற்கு 975.

கற்பிக்கும்போதுதான் ஆட்கள் களைத்துப்போய் ரிமோட்டைக் குறை சொல்வது. இரண்டையும் மேசையில் மூக்கோடு மூக்காக, 2 முதல் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். கையில் பிடித்தால் ஆடும். யன்னல் வெயில் நேரே விழக்கூடாது. பழைய ரிமோட்டுக்கும் புதுப் பற்றரி போடுங்கள். அதன் ஒளி மங்கினால் கற்பதும் அரைகுறைதான். வொலியூம் ஒரு தரம் தொட்டதும் பல படி ஏறினால், கற்பிக்கும்போது அமத்தல் நீண்டு, மீண்டும் மீண்டும் போகும் அதே சிக்னலும் சேர்ந்து பதிவாகியிருக்கும். அந்தப் பொத்தானை மட்டும் திரும்பக் கற்பித்தால் சரிவரும்.

சரிவராத இடமும் ஒன்று உண்டு. பிலிப்ஸின் ஆர்சி-5, ஆர்சி-6 என்ற சிக்னல் முறைகளில், ஒவ்வொரு புது அமத்தலுக்கும் சிக்னலில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற அடையாளம்) மாறும். படித்த ரிமோட் பழைய பிட்டையே அனுப்பும். பெட்டியோ பொத்தானை விடாமல் பிடித்திருப்பதாக நினைக்கும். சனல் 11-க்கு 1-ஐ இரண்டு தரம் அமத்தினால் ஒரு 1 மட்டும் விழும். இப்படியானவற்றை எண் போட்டு அமைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். ஏசி ரிமோட்டைக் கற்பிக்க முயலாதீர்கள்: அது ஒவ்வொரு தரமும் வெப்பநிலை, காற்று வேகம் எல்லாவற்றையும் சேர்த்து நீளமாக அனுப்பும், மலிவான ரிமோட்டின் நினைவகத்துக்கு அது கொள்ளாது.

ஒரே அமத்தலில் எல்லாம் எரியும் ‘மக்ரோ’ பொத்தான் கடையில் பார்க்க அழகுதான். கரண்ட் போய் வரும் ஊரில் அது சறுக்கும். பல சாமான்களில் பவர் பொத்தான் ஒன்றே எரிக்கவும் அணைக்கவும் செய்வது; கரண்ட் வந்தபின் ரீவி அணைந்தும் சவுண்ட்பார் எரிந்தும் இருந்தால், மக்ரோ ரீவியை எரித்து சவுண்ட்பாரை அணைத்துவிடும். ஆகவே பவரை மக்ரோவில் சேர்க்காமல் தனித்தனிப் பொத்தானாக விடுங்கள். வொலியூம் மட்டும் எந்த மோடிலும் சவுண்ட்பாருக்கே போகும்படி பூட்டக்கூடிய மொடல் கிடைத்தால், அதற்காகக் கூடக் காசு கொடுக்கலாம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் பற்றரி ஸ்பிரிங் பச்சை பிடிக்கும். மலிவுப் பற்றரி கசிந்தால் இன்னும் கெதியாக. மண்தாளால் மெல்லத் தேய்த்து ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். சில மலிவு மொடல்கள் பற்றரி கழற்றியதும் எண்ணை மறந்துவிடும், ஆகவே மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வையுங்கள். பழைய ரிமோட்டுகளையும் எறிய வேண்டாம், பற்றரியைக் கழற்றி ஒரு பையில் கட்டி வையுங்கள். படித்தது அழிந்தால் திரும்பக் கற்பிக்க அவைதான் வேண்டும்.