கொழிஞ்சாம்பாறை வெயிலில் நான்கு ஆண்டுகள்: ஆயிரத்து இருநூறு ரூபாய் ரேம் எப்படி உழைக்கிறது?

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2013இல் வாங்கியது. இன்டெல் ஐ3-3220 செயலி, எச்61 மதர்போர்டு (செயலியும் ரேமும் மாட்டும் தாய்ப்பலகை), இரண்டு ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) இரண்டு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவன் நான். வினாத்தாள் தட்டச்சு செய்வதற்கும் மதிப்பெண் பட்டியல் போடுவதற்கும் மேல் அந்தப் பெட்டியிடம் எதையும் கேட்டதில்லை. கோவிட் காலத்தில் இணைய வகுப்புகள் வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வாங்கியது. உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்து, பக்கத்தில் வினாத்தாளையும் திறந்தால் ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். ரேமில் இடமில்லாமல் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிற சத்தம் அது. புதுக் கணினி வாங்கலாம் என்றாள் மனைவி. மகளின் கல்லூரிக் கட்டணத்தை நினைத்து, ரேம் மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்றேன்.

எடுத்த எடுப்பில் சறுக்கினேன். இணையத்தில் பெயர் தெரியாத பிராண்டு ஒன்றின் எட்டு ஜிபி டிடிஆர்3 ரக ரேம் புதுசாக 1,150 ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டி சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு, பெட்டி 'பீப் பீப்' என்று கத்துகிறது. ரேம் வந்த அட்டை உறையை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் 'ஏஎம்டி மதர்போர்டுக்கு மட்டும்' என்ற வரி எறும்பு எழுத்தில் கண்ணில் பட்டது. வீட்டுக் கணினி ரேமில் ஒவ்வொரு சில்லும் பொதுவாக எட்டு பிட் அகலம் இருக்கும், அதாவது ஒரு தடவையில் எட்டு பிட் தரும். இந்த மலிவு ரகத்தில் நான்கு பிட் அகலச் சில்லுகளை வரிசையாக ஒட்டி எட்டு ஜிபி ஆக்கிவிடுகிறார்கள். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனச் செயலிக்கான சில மதர்போர்டுகள் அதை ஏற்கும், இன்டெல் செயலி அதைச் சீந்தாது. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று.

2021 டிசம்பரில், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறி காந்திபுரம் போனேன். பழைய உதிரி விற்கும் சிறிய கடை. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து கழற்றிய ரேம்களை, சந்தையில் வெண்டைக்காயைக் கூறு போட்டதுபோல் தட்டில் குவித்திருந்தார் கடைக்காரர். உலகத்தின் ரேம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள்தான். கடையில் நாம் பார்க்கும் மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை யாரோ செய்த சில்லை வாங்கிப் பலகையில் ஒட்டி விற்பவை. அதனால் பெயர் தெரியாத புதுசைவிட, சில்லைச் செய்தவரே தன் பெயரில் விற்ற பழசு மேல் என்பது என் கட்சி. மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், சில்லின் மீது அச்சடித்த பெயரும் அதுவேதானா என்று பார்க்க வேண்டும். ஒரே பாக எண் கொண்ட இரண்டு நான்கு ஜிபி ரேம்களைத் தேடி எடுத்தேன். வேகம் 1600. ஒன்று 600 ரூபாய். கடைக்காரர் ஸ்டிக்கரின் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதி, "மூன்று மாதத்துக்குள் எது வந்தாலும் மாற்றித் தருகிறேன் சார்" என்றார்.

என் மதர்போர்டில் இரண்டே ஸ்லாட். பழைய இரண்டையும் கழற்றினால்தான் புதிய இரண்டுக்கு இடம். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடம்பையே வறட்டியாக்கிவிடும், நிலைமின்சாரமும் கூடவே வரும். ரேமைத் தொடுமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன்.

எட்டு ஜிபி போட்டால் கணினி ஏழே முக்கால் சொச்சம்தான் காட்டியது. ஏமாந்துவிட்டோமோ என்று ஒரு கணம் பதறினேன். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதிலிருந்துதான் போகிறது. அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற நிரலை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒரு பிழையும் இல்லை. கரகரச் சத்தம் அன்றோடு நின்றது. இருபது பக்கங்களைத் திறந்து வைத்தாலும் தட்டச்சு தடுமாறவில்லை.

பிப்ரவரி கடைசியில் விஷயம் மாறியது. உலாவிப் பக்கங்கள் திடீர் திடீரென மூடிக்கொண்டன. வினாத்தாள்களைச் சுருக்கி வைத்திருந்த ஜிப் கோப்பு ஒன்று திறக்கவே மறுத்தது. பாவம், ஹார்டு டிஸ்கைச் சந்தேகப்பட்டேன். கேரளப் பள்ளிகளுக்காகத் தயாரித்த லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் வீட்டிலும் போட்டிருக்கிறேன், அதையும் அழித்து மறுபடி நிறுவிப் பார்த்தேன். பலனில்லை. கடைசியில் ஒரு மதியம், ஓட்டுக்கூரை கொதிக்கும் நேரத்தில், மெம்டெஸ்டை மறுபடி ஓட்டினேன். இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்ததில் இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. அன்றிரவே அதே ரேமைச் சோதித்தேன், ஒரு பிழை இல்லை! மார்கழி இரவின் குளிரில் நான் வைத்த பரீட்சையில் எந்த ரேம்தான் தோற்கும்? கெடுவுக்கு நான்கு நாள் பாக்கி. பஸ் ஏறினேன். பேனாத் தேதியைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வேறொன்றைக் கொடுத்தார். இணையத்தில் வாங்கியதற்கு இந்தச் சலுகையை யாரிடம் கேட்பது? மாற்றியதை மதிய வெயிலில் மூன்று நாள் சோதித்த பிறகே வேலைக்குச் சேர்த்தேன்.

அதன்பின் 2025 கோடை வரை ஒரு தொல்லையும் இல்லை. துலாவர்ஷ (ஐப்பசி மழைக்கால) இடிக்கு மட்டும் பயம். மதியத்துக்குமேல் வானம் கறுத்தால் முதல் வேலை கணினியின் பிளக்கைப் பிடுங்குவதுதான்.

ரேம் போட்டும் கணினி தொடங்கும் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. அந்தக் குறையை 2023இல் வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டிதான் (ஹார்டு டிஸ்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) தீர்த்தது. எஸ்எஸ்டியை முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் இன்றும் வாதாடுகிறார். நான்கு ஜிபியோடு எஸ்எஸ்டி போட்டிருந்தால் வழிந்ததையெல்லாம் அதன் தலையில்தான் எழுதிக்கொண்டிருக்கும். எட்டு ஜிபி ஏற்கெனவே இருப்பவர்கள் வேண்டுமானால் அவர் பேச்சைக் கேட்கலாம்.

என் மதர்போர்டு 16 ஜிபி வரை தாங்கும். எட்டு ஜிபி இரண்டு கிடைக்குமா என்று சென்ற மாதம் அதே கடையில் கேட்டேன். தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. சில்லின் பாக எண்ணைப் பார்த்தேன், அதே ஏஎம்டி ரகம். கடைக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.