மலைச்சரிவில் பழைய தடங்கள்: லைடாரா, பழைய படமா, நேரில் நடப்பதா?

ஆள் நடமாட்டம் நின்றுபோன மலைச்சரிவு சும்மா கிடப்பதில்லை. காடு ஏறும், மண் சரியும், பனி உருகும். பழைய பாதையும் கற்சுவரும் எங்கே இருந்தன என்று வரைபடம் போடப் பல வழிகள் உண்டு. எதை முதலில் கையில் எடுப்பது என்பதைச் சரிவுதான் முடிவு செய்யும்.

காடு மூடிய இடத்தில், லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடாரை மிஞ்ச எதுவும் இல்லை. விமானத்திலிருந்து பாயும் லேசர் துடிப்புகளில் சில, இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத தரை கிடைக்கும். ஐரோப்பிய மலைக்காடுகளில் மரக்கரி சுடுவதற்காகச் சரிவை வெட்டிச் சமன்செய்த வட்டத் திட்டுகள் ஏராளம். பக்கத்தில் நடந்தாலும் கண்ணுக்குத் தப்பும். லைடாரில் அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகத் தெரியும். ஆனால் மென்பொருள் சில சமயம் தாழ்ந்த சுவரைப் புதர் என்று தள்ளிவிடும். கிடைத்த தரை வடிவத்தின்மேல் ஒரே பக்கத்திலிருந்து ஒளி விழுவதாகக் கணினியில் நிழல் போட்டால், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் சுவர் மறைந்துவிடும். அதனால் பல திசைகளில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேல், லைடார் உருவத்தைக் காட்டும், வயதைச் சொல்லாது.

மாற்றத்தைப் பார்க்கப் பழைய படங்களே கைகொடுக்கும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995-இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. பிற்காலப் படங்களில் ஏறக்குறைய 2 மீட்டர் அளவுள்ள பொருள் வரை பிரித்தறியலாம். சாலையும் அணையும் வருமுன் சரிவு எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. மலைப்பகுதியில் படம் கோணலாக இழுபடும். தரையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் உயர மாதிரியோடு பொருத்திச் சரிசெய்யாமல் அதன்மேல் கோடு போடக் கூடாது.

அச்சு வரைபடங்களா? சுவிட்சர்லாந்தின் டூஃபூர் வரைபடம் (1845–1865, 1:1,00,000) பனியாறு அன்று எதுவரை நீண்டிருந்தது என்று பார்க்க உதவும். ஒற்றைச் சுவரைத் தேட உதவாது.

பனி உருகும் உயரத்தில் கால்தான் கருவி. 2003-இன் கடும் கோடையில் சுவிஸ் ஆல்ப்ஸின் ஷ்னிடெயோக் கணவாயில் பனித்திட்டு சுருங்கியபோது, கற்கால அம்பறாத்தூணியின் ஒரு துண்டு மலையேறிய ஒருவர் கண்ணில்தான் பட்டது. பனியைவிட்டு வெளியே வந்த தோலும் மரமும் சீக்கிரம் மக்கிவிடும். இங்கே லைடாருக்குக் காத்திருந்தால் பொருள் போய்விடும்.

பணம் குறைவு, சரிவு புல்வெளி என்றால் என் ஓட்டு பழைய படங்களுக்கு. காடு என்றால் லைடார். அப்புறம் அந்த வட்டத் திட்டில் துளைக்கருவியை இறக்கி, வரும் கரித்துண்டைக் கதிரியக்கக் கார்பன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். லைடார் சொல்லாமல் விட்ட வயது அதில்தான் கிடைக்கும்.