‘குமார்’ – ‘மாகுர்’: தூரம் 1-ஆ, 4-ஆ?

எழுத்துப்பிழையோடு தட்டப்பட்ட சொல்லைப் பட்டியலில் கண்டுபிடிக்க, சொற்களின் ஒற்றுமையை அளக்கும் முறைகளில் எது நல்லது: லெவன்ஷ்டைனா, டேமராவா, ஜாரோ-விங்க்ளரா? தூரம் என்பது ஒரு சொல்லை மற்றொன்றாக்கத் தேவையான திருத்தங்களின் எண்ணிக்கை. தமிழ்ச் சரம் என்றால் முதலில் முடிவு செய்யவேண்டியது, எதை ஓர் எழுத்து என்று எண்ணப்போகிறோம் என்பதை.

‘கால்’ துணைக்காலை இழந்து ‘கல்’ ஆகிறது. பிஹெச்பியின் லெவன்ஷ்டைன் ஃபங்ஷன் பைட் கணக்கு. துணைக்கால் யுடிஎஃப்-8-இல் 3 பைட், எனவே விடை 3. பைத்தானில் கோட் பாயிண்ட் (யுனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) கணக்கு, விடை 1. ‘கொடி’ இதைவிட வம்பு. ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே கோட் பாயிண்டாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுதான், தூரமோ 2. அதனால் எதை ஒப்பிடுவதானாலும் இரண்டு சரங்களையும் முதலில் என்எஃப்சி-க்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள்.

லெவன்ஷ்டைன் (1965) சேர்த்தல், நீக்கல், மாற்றல் மூன்றுக்கும் தலா 1 போடுகிறது. அடுத்தடுத்த இரண்டு எழுத்து இடம் மாறினால் 2. டேமராவ் (1964) அதையும் ஒரே பிழையாக எண்ணுவதால் தட்டச்சுப் பிழைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் கோட் பாயிண்ட் அளவில் ஓட்டினால் ‘குமார்’ – ‘மாகுர்’ ஜோடிக்கு இரண்டுமே 4 தரும். ‘கு’, ‘மா’ ஒவ்வொன்றும் இரண்டு கோட் பாயிண்ட். பக்கத்துப் பக்கத்தில் எதுவும் இடம் மாறவில்லை. [கு][மா][ர்] என்று பிரித்து லிஸ்டாகக் கொடுத்தால் லெவன்ஷ்டைன் 2, டேமராவ் 1. பைத்தானின் ரேப்பிட்ஃபஸ் நூலகம் லிஸ்டையும் ஏற்கும்.

டேமராவ் என்ற பெயரில் கிடைப்பது பல இடங்களில் அதன் சுருக்க வடிவம்தான்: இடம் மாற்றிய ஜோடிக்கு நடுவே மறுபடி கைவைக்க விடாது. கம→மக 1, மக→மபக 1, ஆனால் கம→மபக 3! நேர்வழி சுற்றுவழியைவிட நீளக்கூடாது என்ற முக்கோணச் சமனின்மை உடைகிறது. அந்த விதியை நம்பிச் சொற்களைத் தூரப்படி அடுக்கித் தேடும் பிகே மரத்தில் இதைப் போட்டால் வரவேண்டிய சொற்கள் சத்தமில்லாமல் விடுபடும். மரம் வேண்டுமென்றால் லெவன்ஷ்டைனே போதும்.

ஜாரோ-விங்க்ளர் தருவது தூரமல்ல, 0 முதல் 1 வரையான ஒற்றுமை மதிப்பெண். தொடக்கத்தில் ஒத்துப்போகும் 4 இடம் வரை கூடுதல் மதிப்பு தரும். நம் பெயர்களில் முன்னால் நிற்பது இனிஷியல் ஆயிற்றே! ‘ரா. கண்ணன்’, ‘ரா. கணேசன்’: ர, துணைக்கால், புள்ளி, இடைவெளி என்று அந்த 4 இடமும் இனிஷியலிலேயே தீர்ந்துவிடும். இனிஷியலைக் கழற்றித் தனியாக ஒப்பிடாமல் இதைத் தொடாதீர்கள்.

தேடல் பெட்டிக்கு என் தேர்வு, எழுத்தாகப் பிரித்த சுருக்க டேமராவ். 4 எழுத்து வரை, ஏற்கும் தூரத்தின் வரம்பு 1, அதற்கு மேல் 2. மூன்றெழுத்துச் சொல்லுக்கு 2 வைத்தால் ‘மரம்’ தேடுபவருக்குப் ‘பழம்’ வந்து நிற்கும். நீள வித்தியாசம் வரம்பைத் தாண்டும் சொல்லைக் கணக்கிடாமலே தள்ளுங்கள். 10-க்கு 10 எழுத்து என்றாலே கணக்கிடும் அட்டவணையில் 100 கட்டம், லட்சம் சொல்லுக்கு ஒரு கோடி. ல-ள-ழ, ன-ண-ந, ர-ற குழப்பத்துக்கு 1-க்குப் பதில் 0.5 போட்டால் ‘மணம்’ என்பதற்கு ‘மரம்’ வருமுன் ‘மனம்’ வரும்.