ஆறு வருடம், ஒரே வரிசை

யோகா தொடங்கி 6 வருடம் ஆகிறது, ஆனால் ஒழுங்காகச் செய்வது என்னவோ 4 வருடமாகத்தான். முதல் இரண்டு வருடம் ஏழு நாள் இலவசம் என்று வரும் ஆப்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன், கொஞ்ச நாள் வின்யாசா, கொஞ்ச நாள் அஷ்டாங்கா, முதுகு வலித்தால் யின் என்று யோகா வகைகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். பாயை விரித்து உட்கார்ந்து இன்றைக்கு எந்த வீடியோ என்று தேடியே 20 நிமிடம் ஓடிவிடும், அப்புறம் வேலைக்கு நேரமாகிவிடும். ஒரு ஆப்பில் 41 நாள் விடாமல் செய்தேன். 42-ஆம் நாள் காய்ச்சல். கணக்கு பூஜ்யத்துக்குப் போனதைப் பார்த்த எரிச்சலில் மூன்று மாதம் பாயையே தொடவில்லை.

சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் வீண். தேடுவதை நிறுத்தியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. சூரிய நமஸ்காரம் 6 சுற்று, விருட்சாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், பச்சிமோத்தானாசனம், கடைசியில் சவாசனம். தினமும் இதே வரிசைதான். முடியாத நாளில் இரண்டு சுற்றும் சவாசனமும், அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

போரடிக்குமா என்றால், அடிக்கும். எட்டாவது மாதம் தாங்க முடியவில்லை. ஆனால் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்ததால்தான் வலது இடுப்பு இடதைவிட இறுக்கம் என்பதே எனக்குத் தெரிந்தது. சரியாகத் தூங்காத மறுநாள், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் கணுக்கால் தனியாக ஆடும். தினம் ஒரு புது வகுப்புக்குத் தாவிக்கொண்டிருந்தபோது இதில் ஒன்றும் கண்ணில் படவில்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்கு ஒன்பது தடைகள் சொல்கிறார், அதில் கடைசி, எட்டிய நிலையில் நிற்காமல் நழுவிவிடுவது. ஆப் இல்லாத காலத்திலேயே மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது!

குறையும் சொல்லிவிடுகிறேன். எடை குறையவில்லை. கோபம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வருடம் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றியை முழங்காலில் முட்டியே தீருவேன் என்று இழுத்ததில், உட்காரும் எலும்புக்குக் கீழே தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் குனியவே விடவில்லை. இப்போது மடித்த போர்வை மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டுதான் குனிகிறேன். நெற்றிக்கும் முழங்காலுக்கும் இன்னும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. பாயில் குதிகால் படும் இரண்டு இடமும் தேய்ந்து வெளுத்துவிட்டன.