செவ்வரத்தம்பூத் தேநீர்: சோதனை அட்டையா, ஆய்வுகூடமா?

நிலாவெளியில் செவ்வரத்தம்பூ உலர்த்தி விடுதிகளுக்குக் கொடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: பீடைகொல்லி எச்சம் பார்க்க விரைவுச் சோதனை அட்டை போதுமா, கொழும்புக்கு மாதிரி அனுப்பத்தான் வேண்டுமா?

நேரம்: அட்டை அரை மணிக்குள் சொல்லிவிடும். ஆய்வுகூடத்துக்கு நாட்கணக்கு.
செலவு: அட்டை மலிவு. ஆய்வுகூடக் கட்டணம் சிறு வியாபாரிக்குப் பாரம்தான்.

எதைப் பிடிக்கும்? இதுதான் முக்கியம். அட்டை, நரம்பு வேலைக்குத் தேவையான கொலினெஸ்டரேஸ் என்ற நொதி மாதிரியால் முடங்குகிறதா என்று பார்க்கிறது. அதனால் அந்த நொதியை முடக்கும் ஒர்கனோபொஸ்பேட், கார்பமேட் என்ற பூச்சிகொல்லி வகைகளே தெரியும். இமிடாகுளோப்ரிட் என்ற வேறு வகைப் பூச்சிகொல்லி இருந்தாலும் காட்டாது. அதிலும் நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு. செவ்வரத்தை இதழ் நீரில் பட்டதுமே சாயம் இறக்கிவிடும், அப்புறம் எந்த நிறத்தை நம்புவது?

ஆய்வுகூடம் எச்சத்தைப் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை நிறையை வைத்து இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் நூற்றுக்கணக்கான பீடைகொல்லி மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும். கிளைபோசேட் என்ற களைகொல்லிக்குத் தனிச் சோதனை கேளுங்கள். ஐரோப்பாவில் தனி வரம்பு இல்லாத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அந்த நுணுக்கம் இங்கேதான் கிடைக்கும்.

தோட்டக்காரரிடம் வாங்கும் வல்லாரையை, துளசியைச் சும்மா ஒருதரம் பார்க்க அட்டை சரி. பூவை உலர்த்தினால் நீர் போய் எச்சம் செறிவாகும். பொதி செய்து விற்பதென்றால் ஆய்வுகூடம்தான், அக்கா.