வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்: நான் ஏமாந்த கதை

வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

ஏழு மாத வாடகை பாக்கி. வழக்குப் போட்டு, நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் காலி செய்ய வைத்தேன். கையில் தூக்க முடிந்ததோடு அவர்கள் போய்விட்டார்கள். கட்டில், பீரோ, தையல் மெஷின், கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. எனக்கோ அடுத்த ஆளுக்கு வீட்டை விடும் அவசரம். வீடு ஒழித்துக் கொடுக்கும் ஓர் ஆளைப் பிடித்தேன். "எங்க குடோன்ல பத்திரமா இருக்கும் சார், கேட்டு வந்தா அப்படியே குடுத்துடுவோம்" என்றார். மூன்று மாத குடோன் வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். வரவே இல்லை.

பதினெட்டாம் நாள் வாடகைக்கு இருந்த அம்மா போன் செய்தார். "வேற எதுவும் வேணாம் சார். தையல் மெஷினும் பசங்க சர்ட்டிபிகேட் இருக்கிற பெட்டியும் மட்டும் குடுத்துடுங்க." குடோனுக்கு ஓடினேன். இரண்டு ஒடிந்த நாற்காலிகள்தான் மிச்சம். நல்லதையெல்லாம் அந்த குடோன் ஆள் விற்றுவிட்டிருக்கிறார். பெட்டிகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருந்தன. அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.

வக்கீல் சொன்னதுதான் உறைத்தது: "நீங்க ஜெயிச்சது வீட்டை. சாமானை இல்லை." வாடகை பாக்கி இருப்பதாலேயே அவர்கள் பொருள் நமதாகிவிடாது. எழுத்தில் தகவல் கொடுத்து, எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்பதே பல இடங்களில் சட்டம். எத்தனை நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அதுவரை பொறுப்பு நம்முடையது. இன்னொருவர் கையில் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு பொருளைத் தொடும் முன்னே, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பீரோ, இழுப்பறை எல்லாம் திறந்து வீடியோ எடுங்கள். பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெட்டிகளை ஒட்டி எண் போடுங்கள். சான்றிதழ், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, போட்டோ ஆல்பம், கம்ப்யூட்டர் இவற்றை எந்த குடோனுக்கும் அனுப்பாதீர்கள், உங்களிடமே பூட்டி வையுங்கள். மற்றதை வெளியே வைத்தே ஆகவேண்டும் என்றால் குடோனை நேரில் பாருங்கள். பட்டியலில் குடோன் ஆளின் கையெழுத்து இல்லாமல் ஒரு நாற்காலிகூட வண்டியில் ஏறக்கூடாது.

தையல் மெஷின் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ்களின் நகலுக்காக அந்த அம்மாவோடு நானும் அலைந்துகொண்டிருக்கிறேன். இரண்டு இன்னும் வரவில்லை.